காவிரிப் படுகையில் சூரியக் கடிகாரம்: சரியாக நிறுத்தாவிட்டால் எத்தனை நிமிடம் பிசகும்?

பள்ளி முற்றத்திலோ, கோயில் நந்தவனத்திலோ, வீட்டு மாடியிலோ சூரியக் கடிகாரம் நிறுவ விரும்புவோரும், நிறுவியபின் நேரம் ஒத்துவரவில்லை என்று வருந்துவோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கணக்குகள் அனைத்தும் வடக்கு அட்சரேகை 11 பாகைக்குச் செய்யப்பட்டவை. கும்பகோணம் 10.96, மயிலாடுதுறை 11.10, தஞ்சாவூரும் திருச்சிராப்பள்ளியும் 10.79, நாகப்பட்டினம் 10.77 பாகையில் இருப்பதால், இந்த எண்கள் படுகை முழுவதற்கும் பொருந்தும்.

சூரியக் கடிகாரம் சரியாக நிற்கிறது என்றால் என்ன பொருள்?

தரைக்கு இணையாகக் கிடக்கும் தட்டுக் கடிகாரத்தில் மூன்று பொருத்தங்கள் அமைய வேண்டும். நிழற்கோலின் நிழல் தரும் விளிம்பு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக, அதாவது மெய்வடக்கை நோக்கியவாறு தரையிலிருந்து 11 பாகை உயர்ந்து, இருக்க வேண்டும். தட்டு எப்பக்கமும் சாயாமல் மட்டமாக இருக்க வேண்டும். கோல், தட்டில் வரைந்த பன்னிரண்டு மணிக் கோட்டின்மீது பிசகாமல் நிற்க வேண்டும். முதல் இரண்டும் கடிகாரத்துக்கும் வானத்துக்கும் இடையிலான பொருத்தங்கள். மூன்றாவது, கடிகாரத்தின் இரு உறுப்புகளுக்கு இடையிலான பொருத்தம். பெரும்பாலோர் திசையைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறார்கள். நம் அட்சரேகையிலோ மூன்றிலும் மிகக் குறைந்த கேடு விளைவிப்பது திசைப் பிழைதான். மிகுந்த கேடு விளைவிப்பது மூன்றாவது பொருத்தம் தவறுவது.

எங்கள் கடிகாரம் நண்பகல் காட்டும்போது கைபேசி 12.27 காட்டுகிறது. தவறாக நிறுத்திவிட்டோமா?

மாசி பிறக்கும் நாட்களில் பார்த்திருந்தால், கடிகாரம் முற்றிலும் சரியாக இருக்கிறது என்பதே பதில். இந்தியச் சீர்நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகைக்கு உரியது. அந்தக் கோட்டுக்கு மேற்கே ஒவ்வொரு பாகைக்கும் சூரியன் நான்கு நிமிடம் தாமதமாக உச்சிக்கு வருகிறது. கும்பகோணம் 79.38 பாகையில் இருப்பதால் தாமதம் பன்னிரண்டரை நிமிடம். திருச்சியில் அது 15 நிமிடத்தைச் சற்றே தாண்டும். நாகப்பட்டினத்தில் பத்தரை நிமிடத்தை ஒட்டியிருக்கும். படுகையின் மேல்கோடியிலும் கடற்கரையிலும் சரியாக நிறுத்திய இரு சூரியக் கடிகாரங்கள் தமக்குள்ளேயே நாலரை நிமிடம் வேறுபடும்.

இதனுடன் பருவ வேறுபாடும் சேர்கிறது. பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும், அதன் அச்சு அந்தப் பாதைக்குச் சாய்ந்திருப்பதாலும், சூரியன் உச்சிக்கு வரும் கணம் சராசரியிலிருந்து முன்னும் பின்னும் நகர்கிறது. பிப்ரவரி 11 வாக்கில் சூரியன் 14 நிமிடத்துக்குச் சற்று மேல் பின்தங்குகிறது. நவம்பர் 3 வாக்கில் 16 நிமிடத்துக்கு மேல் முந்துகிறது. ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டி வேறுபாடு மறைந்துவிடுகிறது. எனவே கும்பகோணத்தில் உண்மையான உச்சிப்பொழுது பிப்ரவரி நடுவில் கைபேசிப்படி 12.27க்கும், ஐப்பசி நடுவில் 11.56க்கும் நிகழ்கிறது. இந்த அரைமணி நேர ஊசலாட்டத்துக்கும் கடிகாரத்தை நிறுத்திய விதத்துக்கும் தொடர்பில்லை. தீர்க்கரேகைத் திருத்தத்தையும் பருவத் திருத்தத்தையும் கழித்தபின் எஞ்சும் வேறுபாட்டையே பிழை என்று கொள்ள வேண்டும். அதற்கு முன் கடிகாரத்தைத் தொடவே கூடாது.

தட்டைச் சற்றுத் திருப்பிவைத்துக் கைபேசி நேரத்துடன் பொருத்திவிடலாமா?

கூடாது. நல்ல கடிகாரங்கள் பல இப்படித்தான் கெட்டுப்போகின்றன. பங்குனியில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில், தீர்க்கரேகையால் வரும் பன்னிரண்டரை நிமிட வேறுபாட்டை நீக்கவேண்டி முழுக் கடிகாரத்தையும் திருப்பினால், அதன் வடமுனையை மேற்கே ஏறத்தாழ 16 பாகை திருப்ப வேண்டியிருக்கும். பருவத் திருத்தம் போக, அன்று நேரம் ஒத்துவரும். அதே கடிகாரம் மார்கழியில் நண்பகலில் 39 நிமிடம் முந்தியும், ஆனி நண்பகலில் 15 நிமிடம் பிந்தியும் காட்டும். ஒரு நாளுக்கான பொருத்தத்துக்காக ஆண்டு முழுவதையும் இழந்துவிடுகிறோம்.

தீர்க்கரேகைத் திருத்தத்தைக் கடிகாரத்திலேயே சேர்க்க விரும்பினால், மணிக்கோடுகளை வரையும்போதே அதைக் கணக்கில் சேர்ப்பதுதான் முறை. ஏற்கெனவே வரைந்த தட்டு என்றால், நம் அட்சரேகை ஒரு சலுகை தருகிறது. இங்கே பூமியின் அச்சு ஏறத்தாழப் படுத்த நிலையில் இருப்பதால், கடிகாரத்தைக் கிழக்கே மூன்று பாகை சாய்ப்பது அதை அச்சைச் சுற்றித் திருப்புவதற்கு மிக நெருக்கமானது. 30 சென்டிமீட்டர் தட்டின் மேற்கு விளிம்புக்கு அடியில் 16 மில்லிமீட்டர் ஆப்பு வைத்தால், கும்பகோணத்தில் நண்பகல் அளவீடு ஆண்டு முழுவதும் சுமார் ஒரு நிமிடத்துக்குள் 82.5 பாகைக்கு உரிய சூரிய நேரத்தைக் காட்டும். பருவத் திருத்தத்தை மட்டும் அட்டவணை பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

வடக்கு ஒரு பாகை தவறினால் எவ்வளவு பிசகும்?

முழுக் கடிகாரமும் ஒரு பாகை திரும்பியிருந்தால் பிசகு நாளுக்கு நாள் மாறும். சூரியன் நடுக்கோட்டில் இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில் அது முக்கால் நிமிடம்தான். டிசம்பர் 21ஐ ஒட்டி நண்பகலில் இரண்டரை நிமிடம். ஜூன் 21ஐ ஒட்டி நண்பகலில் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, ஆனால் எதிர்த்திசையில். கோலின் வடமுனை கிழக்கே விலகியிருந்தால், மார்கழியில் கடிகாரம் பிந்தும், ஆனியில் முந்தும்.

இடையில் இரு நாட்களில் நண்பகல் பிசகு முற்றிலும் மறைகிறது. ஏப்ரல் 18, 19 வாக்கிலும் ஆகஸ்ட் 24, 25 வாக்கிலும் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருகிறது. உச்சியில் நிற்கும் சூரியனுக்குத் திசையே இல்லை என்பதால், தட்டு எத்திசையில் திரும்பியிருந்தாலும் நண்பகல் நண்பகலாகவே தெரியும். சித்திரை முதல் வாரத்தில் சோதித்துவிட்டுக் கடிகாரம் துல்லியம் என்று அறிவித்தவர்கள் மார்கழியில் ஏமாற்றமடைவதற்கு இதுவே காரணம். திசையைச் சோதிக்க ஏற்ற பருவம் மார்கழி.

அப்படியானால் எதில் அதிகக் கவனம் வேண்டும்?

கிழக்கு மேற்காகத் தட்டு மட்டமாக இருப்பதில். கடிகாரம் கிழக்குப் பக்கமோ மேற்குப் பக்கமோ ஒரு பாகை சாய்ந்தால், நண்பகலில் நான்கு நிமிடம் பிசகுகிறது; மார்கழியில் அது மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேலும், ஆனியில் நாலேகால் நிமிடமுமாக இருக்கும். கிழக்கே சாய்ந்தால் முந்தும், மேற்கே சாய்ந்தால் பிந்தும்.

சூரியக் கடிகாரம் பற்றிய கையேடுகளில் பல, ஐரோப்பிய அட்சரேகைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. லண்டன் 51.5 பாகையில் இருக்கிறது. அங்கே நடுக்கோட்டு நாட்களில் ஒரு பாகைத் திசைப் பிழை மூன்று நிமிடத்துக்கு மேல் பிசகச் செய்யும்; ஒரு பாகைச் சாய்வு இரண்டரை நிமிடம்தான். அங்கு திசைகாட்டியை முதலில் எடுப்பது நியாயம். நம் ஊரில் கணக்கு தலைகீழாகிறது: திசை முக்கால் நிமிடம், சாய்வு நான்கு நிமிடம். ஆகவே காவிரிக்கரையில் சூரியக் கடிகாரம் நிறுவுகிறவர் கையில் முதலில் இருக்க வேண்டியது கொத்தனாரின் ரசமட்டம். கட்டட வேலைக்குப் பயன்படும் ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்பதுபோல் தோன்றினாலும், அதை முனைமாற்றி வைத்து மறுமுறையும் பார்க்க வேண்டும். இரு முறையும் குமிழி ஒரே இடத்தில் நிற்காவிட்டால் மட்டக்கருவியிலேயே பிழை இருக்கிறது.

தெற்கு வடக்கான சாய்வு வேறு வகை. அது நண்பகலைத் தொடுவதில்லை. மார்ச், செப்டம்பரிலும் ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. ஜூனிலும் டிசம்பரிலும் காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஒரு பாகைக்கு ஒன்றேகால் நிமிடம் அளவுக்குப் பிசகும். காலையும் மாலையும் எதிரெதிராக.

கோல் தட்டின்மீது சற்றுத் திருகியிருந்தால்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைப் படிக்க நேரமிருப்பவர் இதைப் படிக்கட்டும். தட்டுக் கடிகாரத்தில் மணிக்கோடுகள் சமமான இடைவெளியில் அமைவதில்லை. நண்பகலிலிருந்து சூரியன் நகர்ந்த கோணத்தின் தொடுகோட்டு (tan) மதிப்பை, அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்கினால், மணிக்கோட்டின் கோணத்துக்கு உரிய தொடுகோட்டு மதிப்பு கிடைக்கும். 11 பாகைக்கு அந்த சைன் மதிப்பு 0.19 மட்டுமே. எனவே ஒரு மணிக் கோடு, பன்னிரண்டு மணிக் கோட்டிலிருந்து 2.9 பாகையிலேயே வந்துவிடுகிறது. இரண்டு மணி 6.3 பாகையிலும், மூன்று மணி 10.8 பாகையிலும், நான்கு மணி 18.3 பாகையிலும், ஐந்து மணி 35.5 பாகையிலும் அமைகின்றன. ஆறு மணிக் கோடு 90 பாகையில் தனியே கிடக்கிறது. உச்சிப்பொழுதின் பக்கத்தில் கோடுகள் நெருக்கியடித்து நிற்க, ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே பாதித் தட்டு வெறுமையாக இருக்கும்.

ஒரு மணி நேரமே மூன்று பாகைக்குள் அடங்கிவிடும் இடத்தில், தட்டுக்கும் கோலுக்கும் இடையே ஒரு பாகைத் திருகல் ஏற்பட்டால் நண்பகலில் ஏறத்தாழ இருபது நிமிடம் பிசகிவிடும். தட்டு மட்டும் திரும்பினால் இருபத்தொன்று. கோல் மட்டும் திரும்பினால் பருவத்தைப் பொறுத்துப் பதினெட்டரையிலிருந்து இருபத்தொன்றுக்கு மேல் வரை. முழுக் கடிகாரமும் ஒருசேரத் திரும்பினால் முக்கால் நிமிடமாக இருந்த அதே ஒரு பாகை, உறுப்புகள் தமக்குள் விலகும்போது இருபது நிமிடமாகப் பெருகுகிறது. இரண்டையும் ஒரே பிழையாகக் கருதுவதால்தான், வடக்கைச் சரியாகத்தானே வைத்தோம் என்ற குழப்பம் எழுகிறது.

சாய்ந்த கோலின்மீது குழந்தைகள் ஏறி நின்றாலும், அதில் யாரேனும் கொடிக்கயிறு கட்டினாலும், அடித்தளத் திருகாணி தளர்ந்தாலும் இந்தத் திருகல் நேர்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. கோலைத் தட்டில் வெறுமனே ஒட்டவைப்பதை நான் எந்தப் பள்ளிக்கும் பரிந்துரைப்பதில்லை. தட்டும் கோலும் ஒரே வார்ப்பாக இருந்தால் இந்தக் கவலை அறவே நீங்கும். சுவாமிமலையிலும் நாச்சியார்கோவிலிலும் உலோக வார்ப்பு வாழ்வாகவே இருக்கும்போது, படுகையில் இருப்பவர்கள் மெல்லிய தகரத்தில் கடிகாரம் செய்வது தேவையற்ற குறை. ஒரே வார்ப்பு இயலாவிட்டால், 30 சென்டிமீட்டர் நீளக் கோலின் இரு முனைகளும் பன்னிரண்டு மணிக் கோட்டிலிருந்து அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகாதபடி பொருத்த வேண்டும். அந்த அரை மில்லிமீட்டரே இரண்டு நிமிடம்.

கோல் தடிமனாக இருந்தால் காலையில் ஒரு விளிம்பும் பிற்பகலில் மறு விளிம்பும் நிழலைத் தரும். ஆகையால் நண்பகல் கோட்டைக் கோலின் தடிமன் அளவுக்கு இரண்டாகப் பிளந்து, காலைக் கோடுகளை ஒரு விளிம்பிலிருந்தும் மாலைக் கோடுகளை மறு விளிம்பிலிருந்தும் வரைய வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டால் எத்தனை துல்லியம் கிடைக்கும்?

சூரிய வட்டம் வானில் அரைப் பாகை அகலம் கொண்டது. அது தன் அகலத்தைக் கடக்க இரண்டு நிமிடம் ஆகிறது. அதனால் நிழலின் ஓரம் கூர்மையாக இராமல் மங்கலாகவே விழுகிறது. பழகிய கண் அந்த மங்கலின் நடுவைப் பார்த்து ஒரு நிமிடம் அளவுக்குப் படிக்கும். சாய்வைக் கால் பாகைக்குள்ளும் திசையை ஒரு பாகைக்குள்ளும் அடக்கிவிட்டால், மார்கழி நண்பகல் நீங்கலாக, பிழைகள் இந்த மங்கலுக்குள் ஒடுங்கிவிடும்.

டில்லியில் வாங்கிய பித்தளைக் கடிகாரத்தை இங்கே வைக்கலாமா?

அப்படியே தரையில் வைத்தால் பயன்படாது. டில்லி 28.6 பாகையில் இருப்பதால் அதன் கோல் நமக்கு வேண்டியதைவிட 17.6 பாகை கூடுதலாக எழும்பியிருக்கும். நண்பகல் சரியாகவே தெரியும். அதைப் பார்த்து மனநிறைவு கொள்ளக்கூடாது. ஜூன் மாதத்தில் சூரிய நேரப்படி பிற்பகல் மூன்று மணிக்கு அது மூன்றரை காட்டும். காலை ஒன்பதுக்கு எட்டரை காட்டும். டிசம்பரில் பிற்பகல் மூன்று மணிக்குக் கால் மணி பிந்திக் காட்டும்.

இதற்கு எளிய தீர்வு உண்டு. தட்டின் தென்விளிம்பை உயர்த்தி, முழுக் கடிகாரமும் வடக்கே 17.6 பாகை சரியும்படி வைத்தால், கோல் மீண்டும் பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். கடிகாரம் கும்பகோணத்தில் இருந்தாலும் டில்லியின் தரைக்கு இணையாக நின்று சரியான சூரிய நேரம் காட்டும். 30 சென்டிமீட்டர் தட்டுக்குத் தென்புறம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். அட்சரேகை பொறிக்கப்படாத கடிகாரமாக இருந்தால், கோலுக்கும் தட்டுக்கும் இடைப்பட்ட கோணத்தைப் பாகைமானியால் அளந்து, அதிலிருந்து 11ஐக் கழித்தால் ஆப்பின் கோணம் கிடைக்கும்.

கோயில் மதிலிலோ பள்ளிச் சுவரிலோ அமைப்பது எப்படி?

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயிலுக்குச் சென்றவர்கள் அங்கே மதிலில் அரைவட்டமாக அமைந்த சூரியக் கடிகாரத்தைப் பார்த்திருப்பார்கள். சுவர்க் கடிகாரம் நம் அட்சரேகைக்கு இயல்பாகவே பொருந்துவது. தெற்கு நோக்கிய சுவரில் கோல் ஏறத்தாழச் செங்குத்தாக வெளியே நீட்டி நிற்கும், மணிக்கோடுகள் 14.7, 29.5, 44.5 பாகை என்று ஏறக்குறைய சம இடைவெளியில் விரியும். தட்டுக் கடிகாரத்தின் நெருக்கடி இங்கே இல்லை என்பதால், கோலின் சிறு திருகல் இருபது நிமிடமாகப் பெருகாது.

சுவர் தெற்கே சரியாக நோக்குகிறதா என்பதே இங்கு கேள்வி. பழைய சுவர்கள் சில பாகை விலகியிருப்பது வழக்கம். மெய்த்தெற்குக்கு வரைந்த தட்டை, ஐந்து பாகை விலகிய சுவரில் ஒட்டினால், முழுக் கடிகாரத்தையும் ஐந்து பாகை திருப்பியதாக ஆகும்: மார்கழி நண்பகலில் பன்னிரண்டு நிமிடத்துக்குமேல், நடுக்கோட்டு நாட்களில் நான்கு நிமிடம் அளவுக்குப் பிசகும். சுவருக்கும் தட்டுக்கும் இடையே ஒரு பக்கத்தில் ஆப்பு வைத்துத் தட்டை மெய்த்தெற்குக்குத் திருப்பலாம். அல்லது விலகலை அளந்து அதற்கேற்ப மணிக்கோடுகளைக் கணக்கிடலாம். இரண்டாவது வழியே அழகும் உறுதியும் உடையது.

மற்றொரு செய்தியையும் சொல்ல வேண்டும். இது பிழை அன்று, ஆயினும் பழுது என்று பலர் நினைப்பது. ஏப்ரல் 19 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 24 வரை சூரியன் நாள் முழுவதும் நமக்கு வடக்கிலேயே செல்கிறது. அந்த நான்கு மாதமும் தெற்குச் சுவரில் வெயிலே படாது. அதற்கு முன்னும் பின்னும் சுமார் ஒரு மாதம் காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் படாது. ஆண்டு முழுவதும் நேரம் வேண்டுமென்றால் வடக்குச் சுவரிலும் ஒரு முகம் வேண்டும்.

மெய்வடக்கைக் கண்டுபிடிக்க எந்த வழி நல்லது?

ஸ்தபதிகள் கையாண்டுவரும் சங்கு முறையே போதுமானது. மட்டமான தரையில் ஒரு கோலைத் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நட்டு, அதை மையமாகக் கொண்டு வட்டம் வரைய வேண்டும். முற்பகலில் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும் பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்து இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். அதற்குச் செங்குத்து, வடக்கு தெற்கு. இரண்டு மூன்று வட்டங்கள் வரைந்து சராசரி எடுத்தால் மேகத்தால் ஒன்று தவறினாலும் கவலையில்லை. நண்பகல் நிழலின் திசையை மட்டும் பார்ப்பது சித்திரையிலும் ஆவணியிலும் உதவாது. நிழலே மிகக் குறுகிவிடும்.

காந்தத் திசைகாட்டியை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. நம் பகுதியில் காந்த வடக்கு மெய்வடக்கிலிருந்து மேற்கே ஒன்றிரண்டு பாகைதான் விலகியுள்ளது. ஆனால் கான்கிரீட் மாடியில் உள்ள கம்பியும், தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கியும், கைபேசியின் காந்த உறையும் முள்ளைப் பல பாகை இழுத்துவிடும். துருவ விண்மீன் இன்னொரு வழி. அது வான்துருவத்திலிருந்து முக்கால் பாகைக்கும் குறைவாகவே விலகியிருக்கிறது. நம் ஊரில் அது அடிவானத்துக்கு மேல் 11 பாகை உயரத்தில், தென்னந்தோப்புக்குப் பின்னாலோ புகைமூட்டத்திலோ மறைந்திருக்கும் என்பதுதான் தடை.

கடிகாரம் ஏற்கெனவே இருக்கிறது, பிசகுகிறது. காரணத்தை எப்படிக் கண்டறிவது?

திருத்தங்கள் இரண்டையும் கழித்தபின், பிசகு எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று பாருங்கள். ஆண்டு முழுவதும் நண்பகலில் ஏறத்தாழ ஒரே அளவு பிசகினால் கிழக்கு மேற்காகச் சாய்ந்திருக்கிறது. மார்கழியில் ஒரு பக்கமும் ஆனியில் எதிர்ப்பக்கமும் பிசகினால் முழுக் கடிகாரமும் திரும்பியிருக்கிறது. நண்பகல் சரியாக இருந்து, ஜூனிலோ டிசம்பரிலோ காலையும் மாலையும் எதிரெதிராகப் பிசகினால் கோலின் உயரக் கோணம் தவறு. ஒரே நாளில் நண்பகலில் கால் மணிக்கும் மேலாகப் பிசகி, மாலை ஐந்து மணிக்குள் அது சில நிமிடமாகச் சுருங்கிவிட்டால், கோல் தட்டின்மீது திருகியிருக்கிறது என்பது உறுதி. இந்தக் கடைசிப் பிழையை அறிய ஒரே நாள் போதும். மற்றவற்றுக்குப் பருவம் மாறக் காத்திருக்க வேண்டும். இரண்டு பிழைகள் கலந்திருப்பதும் உண்டு. அப்போது முதலில் ரசமட்டத்தை வைத்துச் சாய்வை நீக்கிவிட்டு மீதத்தை ஆராய்வது நல்லது.

படுகைக்கு எந்த வடிவம் ஏற்றது?

என் முடிவு, துருவத் தட்டு வடிவம். அதில் தட்டே வடக்கு நோக்கி 11 பாகை உயர்ந்து பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கும். கோலும் தட்டுக்கு இணையாக, ஓர் உயரத்தில் பிடித்துவைக்கப்படும். மணிக்கோடுகள் எல்லாம் இணைகோடுகள். ஒரு மணிக் கோடு கோலின் உயரத்தில் 0.27 பங்கு தொலைவிலும், மூன்று மணிக் கோடு சரியாக அந்த உயர அளவிலும் விழும். கோல் திருகினால் நிழல் கோடுகளுக்கு இணையாக இராமல் குறுக்கே விழுந்து, பிழையைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். காலை ஆறையும் மாலை ஆறையும் காட்ட முடியாது என்பதே இதன் குறை. எளிதாகச் செய்யக்கூடியது, மரவேலை ஆசாரி ஒருவர் செய்துவிடுவார்.

நிறுவியபோது சரியாக இருந்தது, அடுத்த ஆண்டு நான்கைந்து நிமிடம் பிசகியது. ஏன்?

தூண் சாய்ந்திருக்கும். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் களிமண் வடகிழக்குப் பருவமழையில் ஊறி உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கிறது. ஒரு மீட்டர் உயரத் தூணின் தலை பதினேழு மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு பாகை. கிழக்கு மேற்காக நகர்ந்திருந்தால் நான்கு நிமிடம் போயிற்று. தூணின் ஒரு பக்கம் வயலோ வாய்க்காலோ, மறுபக்கம் வேர்பரப்பிய மரமோ இருந்தால் இரு பக்கத்து மண்ணும் ஒரே அளவில் ஈரம் கொள்ளாது. சாய்வு விரைவில் வரும்.

அடித்தளத்தைக் கோடை வெடிப்பு இறங்கும் ஆழத்துக்கும் கீழே கொண்டுசெல்ல வேண்டும். குழியின் பக்கங்களில் தோண்டிய களியையே நிரப்பாமல் ஆற்றுமணல் நிரப்ப வேண்டும். தூணைக் குட்டையாகவும் அடியை அகலமாகவும் கட்டுவது நல்லது. தட்டைத் தூணில் காரைபூசி நிரந்தரமாக இறுக்காமல், மூன்று மட்டத் திருகாணிகளின்மீது அமர்த்தினால், தூண் அசைந்தாலும் தட்டை மீண்டும் மட்டத்துக்குக் கொண்டுவரலாம். கடற்கரை ஊர்களில் அந்தத் திருகாணிகள் பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும். இரும்பு உப்புக்காற்றில் இறுகிப்போனால் திருப்ப வராது. மண் மிகக் காய்ந்திருக்கும் சித்திரையில் ஒருமுறையும், மழை ஊறிநிற்கும் கார்த்திகையில் ஒருமுறையும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, அளவைத் தேதியுடன் எழுதிவைக்க வேண்டும். இரண்டு பருவ அளவுகள் கிடைத்துவிட்டால் தூண் ஆண்டுதோறும் போய்வருகிறதா, ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகிறதா என்பது தெரிந்துவிடும். போய்வருகிறது என்றால் திருகாணியைத் திருப்பினால் போதும். ஒரே பக்கமாகப் போகிறது என்றால் தூணைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும்.